ஹாங்காங்கில் கான்டனீஸ் கடையில் முதல் முறை சாப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலைக்காக ஹாங்காங் வந்த புதிதில் மூன்று வாரம் நான் ரொட்டியும் அவித்த முட்டையும்தான் சாப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிம் ஷா சுயியில் சுங்கிங் மேன்ஷனுக்குப் போய் ஒரு பிரியாணி. நான் குடியிருந்த கட்டடத்தின் கீழேயே ஒரு கடை இருந்தது, காலை ஏழு மணிக்கே ஆவி பறக்கும், ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், நான் தினமும் அதைக் கடந்து போவேன். ஒருநாள் உள்ளே போய், பக்கத்து மேசையில் இருந்த வெள்ளைத் துண்டுகளைக் கைகாட்டி வாங்கினேன். பார்க்க அரிசிப் பலகாரம் மாதிரி இருந்தது, அரிசிப் பலகாரம்தான். ஆனால் உள்ளே பொடியாக நறுக்கிய பன்றித் தொத்திறைச்சி. நான் பன்றியும் மாடும் சாப்பிடுவதில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தவன் அடுத்த ஒரு மாதம் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் ஓர் உள்ளூர் அக்கா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகாத குறையாக ஒவ்வொரு கடையாகப் பழக்கினார். அவர் சொல்லித்தந்ததையும் நானாகத் தட்டுத்தடுமாறிக் கற்றதையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன். கான்டனீஸ் சாப்பாடு, அதாவது இந்தத் தென்சீனப் பகுதியின் சமையல், நமக்கு அந்நியமே இல்லை. அரிசி, கஞ்சி, ஆவியில் வெந்தது, நல்ல டீ. கடை எப்படி நடக்கிறது என்று தெரியாததுதான் நம்மை வாசலோடு திருப்பி அனுப்புகிறது.

விலை எல்லாம் ஹாங்காங் டாலரில், நான் போகும் சாதாரணக் கடைகளில் கண்டபடி. ஒரு டாலர் ஏறக்குறைய 11 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. கிளம்பும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் சில்லறைப் பணம். 20, 50, 100 டாலர் தாள்கள். ஆயிரம் டாலர் தாளைச் சின்னக் கடைகளில் பல இடங்களில் வாங்க மாட்டார்கள், கள்ள நோட்டுப் பயம். விமான நிலையத்தில் பணம் மாற்றும்போதே சின்னத் தாளாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். கடன் அட்டை எல்லா இடத்திலும் செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள், தெருவோரக் கஞ்சிக் கடையில் அது வேலைக்கு ஆகாது.

அடுத்தது ஆக்டபஸ் அட்டை. ரயிலுக்கும் பேருந்துக்கும் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள், அதையே நிறையச் சாப்பாட்டுக் கடைகளிலும் தட்டிக் கட்டலாம். சாதாரண அட்டைக்கு 50 டாலர் முன்பணம், அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது அது திரும்பக் கிடைக்கும். ரயில் நிலையத்திலும் செவன் இலெவன் மாதிரியான கடைகளிலும் பணம் ஏற்றலாம்.

ஒரு சின்ன டிஷ்யூ பொட்டலம். பல கடைகளில் மேசையில் டிஷ்யூ இருக்காது, கேட்டால் காசுக்கு விற்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, நீங்கள் எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்று சீன எழுத்தில் எழுதிய ஒரு சீட்டு. உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டு எழுதி வாங்கி, போனில் படமாக வைத்துக்கொள்ளுங்கள். ஹாங்காங்கில் புழங்குவது பழைய முறை எழுத்து, சீனப் பெருநிலத்தில் உள்ள எளிய எழுத்து அல்ல, அதையும் சொல்லிக் கேளுங்கள். இந்த ஊர் மொழியான கான்டனீஸில் ஆறு தொனி, குரலை ஏற்றி இறக்கினால் சொல்லே மாறும். நாம் வாயால் சொல்வது வேறு சொல்லாக அவர்கள் காதில் விழ நிறைய வாய்ப்பு உண்டு. எழுத்தைக் காட்டினால் அந்தச் சிக்கலே இல்லை. சீட்டில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஆறாவது படியில் சொல்கிறேன்.

2. எந்த நேரத்தில் போவது

புதியவர்கள் செய்யும் பெரிய பிழை, மதியம் பன்னிரண்டரைக்குப் போய் நிற்பது. பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை அலுவலகக் கூட்டம். பரிமாறுகிறவருக்கு உங்களோடு நின்று பேச ஒரு நிமிஷம்கூட இருக்காது. அவர் குரல் உயர்ந்தால் கோபப்படுகிறார் என்று நினைத்து மனம் வருந்தாதீர்கள், அந்த நேரத்தில் அவர் எல்லோரிடமும் அப்படித்தான் பேசுவார்.

முதல் தடவைக்கு நல்ல நேரம் மாலை மூன்று மணி. சா சான் தெங் எனப்படும் தேநீர் உணவகங்களில் ஏறக்குறைய இரண்டிலிருந்து ஐந்தரை வரை மாலைச் சிற்றுண்டித் தொகுப்பு உண்டு, விலையும் மதியத்தைவிடக் குறைவு, கடையும் ஓய்வாக இருக்கும். காலைத் தொகுப்பு பொதுவாகப் பதினொரு மணியோடு முடியும். டிம் சம், அதாவது டீயோடு சின்னக் கூடைகளில் வரும் பலகாரங்கள், காலையிலோ மதியமோதான், இரவில் எல்லா இடத்திலும் கிடைக்காது. சனி ஞாயிறு பத்தரைக்கு மேல் போனால் குடும்பம் குடும்பமாக வரிசை நிற்கும், வார நாளில் காலை ஒன்பதுக்குப் போங்கள்.

சீனப் புத்தாண்டு சமயத்தில் வருகிறவர்கள் கவனிக்கவும். முதல் மூன்று நாளாவது சின்னக் கடைகள் பலவும் மூடியிருக்கும்.

3. உள்ளே நுழைந்ததும்

வாசலில் எத்தனை பேர் என்று கேட்பார்கள். விரலைக் காட்டினால் போதும். வாயால் சொல்ல ஆசை என்றால், ஒருவர் ‘யாத் வாய்’, இருவர் ‘லியுங் வாய்’, மூவர் ‘சாம் வாய்’. பெரிய உணவகங்களில் எண் அச்சிட்ட சீட்டு தருவார்கள், திரையில் அந்த எண் வரும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். கூப்பிடும்போது அங்கே இல்லாவிட்டால் முறை போய்விடும்.

தனியாகப் போனால் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கும் மேசையில் உங்களை உட்கார வைப்பார்கள். இதற்கு ‘தாப் தோய்’ என்று பெயர், இங்கே மிகச் சாதாரணம். நம் ஊர் மெஸ்ஸில் காலியான இலைக்கு முன்னால் போய் உட்காருவதைப் போலத்தான். எதிரே இருப்பவரிடம் பேச வேண்டியதில்லை, லேசாகத் தலையசைத்தால் போதும்.

உட்கார்ந்ததும் பிளாஸ்டிக் டம்ளரில் சூடாக வெளிறிய டீ வைப்பார்கள். சிலர் அதைக் குடிப்பார்கள், சிலர் அதில் கரண்டியையும் சாப்ஸ்டிக்கையும் அலசுவார்கள். டிம் சம் கடையில் அலசுவதற்கென்றே ஒரு பெரிய கிண்ணம் வைப்பதும் உண்டு. முதல் டீயை உங்கள் கிண்ணத்தில் ஊற்றி, கோப்பை, கரண்டி, சாப்ஸ்டிக் எல்லாவற்றையும் அதில் சுழற்றிக் கழுவி, அந்தத் தண்ணீரைப் பெரிய கிண்ணத்தில் கொட்டிவிடுங்கள். கடைக்காரர் தவறாக நினைக்க மாட்டார், பாதிப் பேர் அதைத்தான் செய்துகொண்டிருப்பார்கள். அந்தக் கழுவின டீயை மட்டும் குடித்துவிடாதீர்கள்.

குளிர்ந்த தண்ணீர் பெரும்பாலும் கிடைக்காது. வெந்நீர் கேட்டால் தருவார்கள், ‘குவான் சோய்’.

சாப்ஸ்டிக் வராவிட்டால் முள்கரண்டி கேளுங்கள், ‘ம்கோய், சா’ என்றால் கொண்டுவருவார்கள். ‘ம்கோய்’ என்ற அந்த ஒரு சொல்லை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். கூப்பிடவும் அதுதான், தயவுசெய்து என்பதற்கும் அதுதான், நன்றிக்கும் அதுதான். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் நட்டு நிறுத்தாதீர்கள். இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றி வைப்பதை நினைவுபடுத்தும் என்பதால் வயதானவர்கள் மனம் கோணும்.

4. முதல் கடை: சா சான் தெங்

இங்கிருந்து தொடங்குங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்வேன். காரணம், பட்டியலில் பல கடைகளில் ஆங்கிலம் இருக்கும், படம் இருக்கும், தொகுப்பாக வாங்கலாம், தொகுப்பின் எழுத்தையோ எண்ணையோ சொல்லியே முடித்துவிடலாம்.

முதலில் பால் டீ. ‘நாய் சா’ என்று கேட்க வேண்டும், இந்த ஊரில் பாலுக்கு ‘நாய்’ என்றுதான் பெயர், தயங்காமல் சொல்லுங்கள். சூடாக வேண்டுமென்றால் முன்னால் ‘யித்’, ஐஸ் போட்டு வேண்டுமென்றால் ‘துங்’. இலங்கைத் தேயிலையைத் துணிப்பையில் போட்டு, திரும்பத் திரும்ப ஊற்றி வடித்து, சுண்டிய பாலைச் சேர்க்கிறார்கள். நம் டீக்கடை மாஸ்டரின் வடிதுணியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தச் சமையல் மேடையைப் பார்த்தாலே மனம் இளகிவிடும். நம் டீயைவிடக் கட்டி, துவர்ப்பும் அதிகம். சூடான டீயில் சர்க்கரை பெரும்பாலும் நாமே போட்டுக்கொள்வது, ஐஸ் டீயில் போட்டே வரும், குறைவாக வேண்டுமென்றால் ‘சியு திம்’. ஐஸ் போட்ட பானம் எதுவானாலும் இரண்டு மூன்று டாலர் கூடுதல், தொகுப்பிலும் அப்படியே. பில்லில் அது தனியாக வந்தால் ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம், பட்டியலின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும்.

டீயும் காப்பியும் கலந்த ‘யின் யியுங்’ என்று ஒன்று உண்டு. கேட்கவே ஒத்துக்கொள்ளாது என்று நினைப்பீர்கள். இரண்டாவது தடவை போகும்போது அதை முயன்று பாருங்கள், எனக்கு இப்போது மாலையில் அது இல்லாமல் முடிவதில்லை.

அதோடு ‘போலோ பாவ்’. அன்னாசிப் பன் என்று பெயர், அன்னாசி துளியும் இல்லை, மேலே உள்ள இனிப்பு ஓடு அன்னாசித் தோல் மாதிரி வெடித்திருப்பதால் அந்தப் பெயர். நடுவில் தடிமனான வெண்ணெய்த் துண்டு வைத்தது ‘போலோ யாவ்’, சூடு ஆறுமுன் சாப்பிட வேண்டும். முட்டை சேர்ந்தது, சில இடங்களில் மேல் ஓட்டில் பன்றிக் கொழுப்பும் சேர்ப்பார்கள், சைவர்கள் கேட்டுக்கொள்ளவும். ‘சாய் தோ சி’ என்ற பொரித்த ரொட்டிக்குள் பெரும்பாலும் வேர்க்கடலை வெண்ணெய் இருக்கும். வேர்க்கடலை ஒவ்வாதவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

காலைத் தொகுப்பில் வரும் மக்ரோனி சூப்பில் மேலே பன்றி ஹாம் தூவியிருக்கும். நூடுல்ஸ் கேட்டால் மேலே என்ன போடுவது என்று கேட்பார்கள், முட்டை என்று சொன்னால் பிரச்சினை முடிந்தது என்று நினைக்காதீர்கள், சூப் எலும்பில் கொதித்ததாக இருக்கலாம்.

செலவு: சூடான பால் டீ 20 முதல் 25 டாலர், பன் 10 டாலரை ஒட்டி, காலைத் தொகுப்பு 35 முதல் 50. ஓர் எச்சரிக்கை. இரண்டு பேர் போய் ஒரு டீயும் ஒரு பன்னும் வாங்கிப் பகிர்ந்து சாப்பிட நினைத்தால் பல கடைகளில் நடக்காது, ஒருவருக்கு இவ்வளவாவது வாங்க வேண்டும் என்ற வரம்பை மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்திருப்பார்கள். கூட்டமான நேரத்தில் சாப்பிட்டு முடித்தும் உட்கார்ந்து அரட்டை அடிப்பதும் கூடாது.

5. இரண்டாவது கடை: கஞ்சியும் சியுங் ஃபனும்

கடைப் பட்டியலின் ஆங்கிலப் பக்கத்தில் ‘காஞ்சீ’ என்று இருக்கும். அது நம் கஞ்சியேதான். தமிழிலிருந்து போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல், இன்று ஹாங்காங் முழுக்கக் கடை சுவரில் தொங்குகிறது. முதல் முறை அதைப் படித்துப் புரிந்துகொண்ட அன்று எனக்கு ஏற்பட்ட நெருக்கத்தைச் சொல்லி முடியாது. உள்ளூர்ப் பெயர் ‘ஜுக்’. அரிசி தெரியாத அளவு குழைந்து, பட்டுப்போல இருக்கும். கூடவே ‘யாவ் ஜா குவாய்’ என்ற நீளமான பொரித்த மாவு, அதைக் கிள்ளிக் கஞ்சியில் நனைத்துச் சாப்பிட வேண்டும்.

மீன் துண்டு போட்டது, கோழி போட்டது, பன்றியும் கருத்த முட்டையும் போட்டது என்று பல வகை. அந்தக் கருத்த முட்டை கெட்டுப்போனது அல்ல, சுண்ணாம்பு மாதிரியான காரக் கலவையில் வாரக்கணக்கில் ஊறிப் பதமானது, வாசனை மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். வெறும் கஞ்சி கேட்டாலும் அடிக்கஞ்சியே பன்றி எலும்போ உலர்ந்த கடல் சிப்பியோ போட்டுக் கொதித்திருக்கக்கூடும். பன்றியே கூடாது என்பவர்கள் இங்கே கேட்காமல் வாங்கக் கூடாது.

சியுங் ஃபன் என்பது அரைத்த அரிசி மாவைத் தட்டிலோ துணியிலோ மெல்லிசாக ஊற்றி ஆவியில் வேகவைத்துச் சுருட்டுவது. இடியாப்ப மாவின் ருசியை நினைத்துக்கொள்ளுங்கள், வழவழப்பு மட்டும் அதிகம். ஷாம் ஷுயி போ பக்கம் உள்ளே ஒன்றும் வைக்காமல் சின்னச் சின்னதாகச் சுருட்டி, வெட்டி, எள் சாஸும் இனிப்பு சாஸும் சோயாவும் ஊற்றிக் கொடுப்பார்கள். இதன் பெயரைப் போனில் மொழிபெயர்த்தால் ‘பன்றிக் குடல்’ என்று வரும். பயந்து ஓடாதீர்கள், உருவத்தை வைத்து வந்த பெயர். இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு: ‘மீன் மணக் கத்தரிக்காய்’ என்று போன் காட்டும் பண்டத்தைச் சைவத்துக்கு அருகில் என்று நினைத்து வாங்கினால் கொத்திய பன்றி இறைச்சியோடு வரும். பெயரை நம்பாதீர்கள், உள்ளே என்ன என்று கேளுங்கள்.

6. மாடு, பன்றி, சைவம், ஹலால்

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என் அம்மா முழுச் சைவம், போன வருடம் ஒரு மாதம் வந்து தங்கியிருந்தார், அவருக்காகக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

‘யுக்’ என்றால் இறைச்சி. ஆனால் பேச்சில் வெறுமனே ‘யுக்’ என்றால் பன்றி இறைச்சி என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். அதனால் ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால், பன்றியை விட்டுவிட்டு இறாலையோ கோழி சூப்பையோ போட்டுக் கொடுக்கலாம், அவர் உங்களை ஏமாற்றவில்லை, நீங்கள் சொன்னதைத்தான் செய்தார். சைவம் என்பதற்குச் சரியான சொல் ‘ஜாய்’. ‘ங்ஓ சிக் ஜாய்’, நான் ஜாய் உண்பவன். இது பௌத்தர்களின் விரதச் சாப்பாடு, பூண்டு வெங்காயம்கூட இருக்காது, எல்லோருக்கும் அதன் பொருள் தெரியும். முட்டையும் பாலும் பற்றித் தனியாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

மாடு ‘ஙௌ’, பன்றி ‘ஜூ’, கோழி ‘காய்’, மீன் ‘யூ’, இறால் ‘ஹா’, முட்டை ‘தான்’. ‘ம் சிக் ஙௌ யுக்’ என்றால் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டேன். பள்ளியில் ங எழுதிப் பழகினோம், அதில் தொடங்கும் சொல்லைப் பேசவே வாய்ப்பில்லை, இங்கே வந்த பிறகு அந்த எழுத்துக்குத் தினமும் வேலை. ஐந்துக்குப் பெயரே ‘ங்’.

இனி மறைந்திருப்பவை. பச்சைக் கீரையை வேகவைத்து மேலே பளபளவென்று ஊற்றியிருப்பது ஆயிஸ்டர் சாஸ், சிப்பியிலிருந்து வருவது. ‘ஜாவ் ஹோ யாவ்’ என்றால் அதை விட்டுவிடுவார்கள், ‘ஜாவ்’ என்ற சொல்லுக்கு ‘இல்லாமல்’ என்று இந்தக் கடைகளில் பொருள், ஐஸ் வேண்டாம் என்பதற்கு ‘ஜாவ் பிங்’. அடுத்தது பன்றிக் கொழுப்பு, பேஸ்ட்ரி ஓட்டிலும் சில வதக்கலிலும் வரும். கோழித் தூள், ஏறக்குறைய எல்லா வதக்கலிலும். காய்ந்த சின்ன இறால், முள்ளங்கிப் பலகாரத்திலும் சில சியுங் ஃபனிலும். எக்ஸ் ஓ சாஸ், காரமாக இருக்கிறதே என்று நமக்குப் பிடித்துவிடும், அதில் உலர்ந்த சிப்பியும் ஹாமும் உண்டு. ஆகவே சைவர்களின் சீட்டில் இறைச்சி, மீன், இறால், சிப்பி, ஆயிஸ்டர் சாஸ், பன்றிக் கொழுப்பு, கோழித் தூள், எலும்பு சூப் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

முழுச் சைவர்களை முதல் நாளே சாதாரணக் கடைக்கு அழைத்துப்போகாதீர்கள். டயமண்ட் ஹில் நிலையத்துக்கு அருகே நான் லியான் தோட்டத்துக்குள் சி லின் பௌத்த மடத்தின் சைவ உணவகம் இருக்கிறது. லாந்தாவ் தீவில் பெரிய புத்தர் சிலைக்கு எதிரே போ லின் மடத்திலும் சைவச் சாப்பாடு உண்டு. அங்கே எதைத் தொட்டாலும் பயமில்லை, அம்மா முதல் முறையாக நிம்மதியாகச் சாப்பிட்டது சி லின்னில்தான். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் உள்ளூர்க்காரர்களே நிறையப் பேர் விரதம் இருப்பார்கள், அதாவது நம் அமாவாசை பௌர்ணமிக் கணக்கை ஒட்டி வரும், அன்று சைவக் கடைகளில் கூட்டம்.

ஹலால் வேண்டுவோருக்கு வான் சாய் பகுதியில் ஓய் குவான் சாலையில் அம்மார் பள்ளிவாசல் கட்டடத்திலேயே ஓர் உணவகம் உண்டு, அங்கே மதிய நேரத்தில் பன்றி இல்லாத டிம் சம் கிடைக்கும். பன்றியைத் தவிர்க்கும் மற்றவர்களும் டிம் சம் என்றால் என்ன என்று அங்கே போய்ப் பழகலாம்.

கண்ணாடிக்குள் வாத்தும் பன்றியும் தொங்கும் ‘சியு மேய்’ கடைகளில் சோயா கோழிச் சோறு மிக நன்றாக இருக்கும், 45 முதல் 65 டாலருக்குள் வயிறு நிறையும். ஆனால் ஒரே பலகையில் ஒரே கத்தியால்தான் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். எனக்கு அது பரவாயில்லை, உங்களுக்கு எப்படி என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

7. மூன்றாவது: டிம் சம்

தனியாகப் போகாதீர்கள். ஒரு கூடையில் மூன்று நான்கு துண்டு வரும், நான்கு பேர் போனால் எட்டு வகை பார்க்கலாம்.

உட்கார்ந்ததும் முதல் கேள்வி, எந்த டீ? இதற்கு விடை தெரியாமல் விழிக்க வேண்டாம். ‘போ லேய்’ கருப்பு, மண்வாசனை, எண்ணெய்ப் பண்டத்துக்கு ஏற்றது. ‘ஹியுங் பின்’ மல்லிகைப்பூ மணம், நமக்கு உடனே பிடிக்கும். டீக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், 10 முதல் 20 டாலர், குடித்தாலும் குடிக்காவிட்டாலும். தீர்ந்துபோனால் டீக் கெண்டியின் மூடியைத் தூக்கிச் சரித்து வையுங்கள், மூடி திறந்திருந்தால் வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார்கள். யாராவது உங்கள் கோப்பையில் டீ ஊற்றினால் இரண்டு விரலால் மேசையை லேசாகத் தட்டுங்கள், அதுதான் நன்றி.

மேசையில் டீயோடு வேர்க்கடலையோ ஊறுகாயோ ஒரு சின்னத் தட்டில் வந்தால், சில உணவகங்களில் அதற்கும் காசு. வேண்டாமென்றால் தொடாமல் ‘ம் சாய்’ என்று சொல்லித் திருப்பிவிடுங்கள்.

பிறகு ஒரு தாள், அதில் வேண்டியதற்கு எதிரே எண்ணிக்கை எழுதிக் கொடுக்க வேண்டும். இப்போது பல இடங்களில் போனில் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து வாங்குகிறார்கள். தாளில் பண்டத்துக்கு நேரே விலை இல்லாமல் சிறியது, நடுத்தரம், பெரியது, சிறப்பு என்று மட்டும் இருக்கும், எதற்கு எவ்வளவு என்பது தாளின் தலைப்பிலோ அடியிலோ இருக்கும். சாதாரண இடத்தில் ஒரு கூடை 20 முதல் 40 டாலர். சுமாராக ஒருவருக்கு மூன்று கூடை, டீக் கட்டணம், மேலே பத்து சதவீதம் சேவைக் கட்டணம் என்று கணக்குப் போடுங்கள், 120 டாலரை ஒட்டி வரும்.

எதை வாங்குவது? ‘ஹா காவ்’ இறால் கொழுக்கட்டை, தோல் கண்ணாடி மாதிரி இருக்கும், பூரணத்தில் கொஞ்சம் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கமும் உண்டு. ‘சியு மாய்’ பன்றியும் இறாலும். ‘சா சியு பாவ்’ பன்றி. ‘லோ மாய் காய்’ தாமரை இலையில் பொதிந்த ஒட்டரிசியும் கோழியும், அதிலும் பன்றித் தொத்திறைச்சி ஒளிந்திருக்கும். முதல் நாள் என்னை எழுப்பி அனுப்பியது ‘லோ பாக் கோ’, முள்ளங்கியும் அரிசி மாவும் கலந்தது. சேப்பங்கிழங்குப் பொரியலைப் பார்த்துச் சைவம் என்று ஏமாறாதீர்கள், உள்ளே பன்றி. இனிப்பில் ‘மா லாய் கோ’ என்ற ஆவியில் வெந்த பழுப்பு கேக், எள் உருண்டை ‘ஜின் தோய்’, இரண்டும் தொடங்கத் தக்கவை, முட்டையோ பன்றிக் கொழுப்போ உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கோழிக்கால், ‘ஃபுங் ஜாவ்’. பொரித்து, ஊறவைத்து, கருப்பு அவரை சாஸில் ஆவியேற்றியது. எலும்பு நிறைய, தோலைச் சப்பி எலும்பைத் தட்டோரம் துப்ப வேண்டும், அது இங்கே நாகரிகக் குறைவு இல்லை. ஆட்டுக்கால் பாயா பிடித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். வேகவைத்த வெள்ளைக் கோழி எலும்புக்கு அருகில் சிவந்திருந்தால் வேகாதது என்று திருப்பி அனுப்பாதீர்கள், பதமாக இறக்குவதே அப்படி, இஞ்சி எண்ணெயில் தொட்டுச் சாப்பிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். எல்லாம் சப்பென்று இருக்கிறதே என்று முதல் வாயிலேயே மிளகாய் சாஸைக் கொட்டாதீர்கள். மீனும் இறாலும் அன்றைக்கு வந்தது என்பதைத்தான் இந்தச் சமையல் காட்ட நினைக்கிறது, நாலு வாய் அப்படியே சாப்பிட்டால் நாக்கு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கேளுங்கள், ‘லாத் ஜியு ஜியுங்’, கொடுப்பார்கள்.

8. பழகிய பிறகு

குளிர்காலம் வந்தால் யாவ் மா தேய், டெம்பிள் தெருப் பக்கம் மண்சட்டிச் சோறு. பச்சரிசியிலிருந்து சட்டியிலேயே வேகவேண்டும், இருபது முப்பது நிமிஷம் ஆகும், பசியோடு போகாதீர்கள். சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டிச் சாப்பிடுவதுதான் அதன் உச்சம். மூலிகை டீக்கடையில் ‘யா சேய் மேய்’ என்ற இருபத்து நான்கு சுவைக் கஷாயம் விற்கும், நிலவேம்புக்குப் பழகியவர்கள் ஒரே மூச்சில் குடித்துவிடலாம். இனிப்புக் கடையில் இஞ்சிப் பாகு ஊற்றிய ‘தாவ் ஃபூ ஃபா’, அரைத்த கருப்பு எள் கூழ் ‘ஜீ மா வூ’, இரண்டும் பெரும்பாலும் சைவம்.

கடல் உணவுக் கடையில் விலைக்குப் பதில் ‘சி கா’ என்று இருந்தால் அன்றைய விலை என்று பொருள். சமைக்கச் சொல்வதற்கு முன் ‘கேய் தோ சின்?’ என்று கேட்டு, விலை ஒரு ‘கான்’ அளவுக்கா ‘லியுங்’ அளவுக்கா என்று உறுதி செய்யுங்கள். கான் ஏறக்குறைய 605 கிராம், அதில் பதினாறில் ஒரு பங்குதான் லியுங். பலகையில் லியுங் விலையைப் பார்த்து மலிவு என்று மீனைத் தூக்கச் சொல்லிவிட்டால் பில் பதினாறு மடங்கு கனக்கும். எடை போட்டுக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை எழுதித் தரச் சொல்லுங்கள்.

9. பில்

‘மாய் தான்’ என்றால் பில். டிம் சம் கடையில் மேசைக்கே கொண்டுவருவார்கள். சா சான் தெங்கிலும் கஞ்சிக் கடையிலும் நீங்கள் வாங்கியதைக் கிறுக்கி ஒரு துண்டுச் சீட்டை மேசையில், பெரும்பாலும் கண்ணாடிக்கடியிலோ டம்ளருக்கு அடியிலோ வைத்திருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் காசாளரிடம் போய்க் கட்ட வேண்டும். பகிர்ந்த மேசையில் பக்கத்து ஆளின் சீட்டை எடுத்துவிடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணம் போட்ட இடத்தில் தனியாக டிப்ஸ் தேவையில்லை, சின்னக் கடைகளில் யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.

மீந்ததைக் கட்டித்தரச் சொல்ல ‘தா பாவ்’. டப்பாவுக்கு ஒன்றிரண்டு டாலர் ஆகலாம். 2024 ஏப்ரல் 22 முதல் பார்சலோடு பிளாஸ்டிக் கரண்டியும் ஸ்ட்ராவும் கொடுக்கத் தடை, அறையில் தங்கியிருப்பவர்கள் வீட்டிலிருந்தே ஒரு கரண்டி எடுத்து வந்துவிடுங்கள்.